அணை நிலவரமும் கணினியின் கன்சோலும்

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் பத்திரிகை கைக்கு வந்ததும் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு உள்பக்கத்தில் ஒரு மூலையைத் தேடுவோம். ‘அணை நிலவரம்’ என்ற சின்னப் பெட்டி. பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, பிறகு மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி. கீழே மழையளவு: பெரியாறு, தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம், வீரபாண்டி என்று மில்லிமீட்டர் கணக்கில். இன்று அதே பெட்டி வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆனால் எழுதும் முறை மாறவில்லை.

அந்த முறையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். “பெரியாறு 128.40 (142) அடி. வரத்து 354. திறப்பு 511.” எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை. முதலில் அணையின் பெயர். அடுத்து இன்றைய நீர்மட்டம். அடைப்புக்குறிக்குள் எதுவரை தேக்கலாம் என்ற அளவு. பிறகு விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, எத்தனை கன அடி போகிறது. வரத்தைவிடத் திறப்பு கூடுதல் என்றால் மட்டம் இறங்கும். நாற்றங்கால் போட்டவர் யோசிக்க ஆரம்பிப்பார். வரத்து ஒரே நாளில் பத்து மடங்கானால் ஆற்றோரத்து ஆட்கள் யோசிப்பார்கள். ஒரே வரிதான். தினமும் அதே வரிசை, அதே அலகு. அதனால்தான் கண் நேராக வேண்டிய எண்ணில் போய் நிற்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதே வேலையைக் கணினிக்காரர்களும் வேறொரு பெயரில் செய்துகொண்டிருக்கிறார்கள். 2020 ஊரடங்கின்போது என் மகள் வயிற்றுப் பேரன் எங்கள் வீட்டில் இருந்தபடி வேலை பார்த்தான். திரையின் அடிப்பாகத்தில் பொடி எழுத்தில் வரிவரியாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது.

“என்னப்பா இது, கலர் கலரா ஓடுது?” என்று கேட்டேன்.

“இதுதான் தாத்தா கன்சோல். புரோகிராம் உள்ளுக்குள்ள என்ன செய்யுதுன்னு எழுதிக்கிட்டே வரும். கவனிக்க வேண்டியதுன்னா மஞ்சள், தப்பாயிருச்சுன்னா சிவப்பு. எந்த வரி எப்படி வரணும்னு நாமளே மாத்தி வச்சுக்கலாம்.”

“அட, நம்ம அணை நிலவரம் மாதிரி!” என்றேன். அவன் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. இதன் கதையைத் தேடிப் படித்தேன். நம் அணையின் கதையோடு அது எங்கே கைகோக்கிறது என்று தெரிந்தபோது எழுதத் தோன்றியது.

கட்டையில் பிறந்த சொல்

கன்சோலில் வரும் வரிகளுக்கு ‘லாக்’ என்று பெயர். ஆங்கிலத்தில் லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில், கப்பல் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்க ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். கட்டை நீரில் நின்றுவிடும். கப்பல் நகர நகரக் கயிறு ஓடும். கயிற்றில் ஏறத்தாழ 47 அடிக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியாகப் போனதோ, அதுதான் வேகம். கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’, அதாவது முடிச்சு என்று சொல்வது அதனால்தான். அந்த எண்ணை நேரத்தோடு எழுதி வைத்த புத்தகம் லாக் புக் ஆயிற்று.

கப்பலிலிருந்து அந்தப் புத்தகம் கரைக்கு வந்தது. மின்நிலையம், ரயில் நிலையம், தந்தி அலுவலகம் என்று எங்கெல்லாம் இயந்திரத்தை ஆள் மாற்றி ஆள் கவனிக்க வேண்டியிருந்ததோ, அங்கெல்லாம் லாக் புத்தகம் வந்தது. நம் லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையத்தைப் போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லை. இரவு ஷிப்டுக்காரர் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் காலை ஷிப்டுக்காரர் வேலையைத் தொடங்குவார். எழுதியவர் வீட்டுக்குப் போயிருப்பார், கேட்க முடியாது. வரி தனக்குத்தானே பேச வேண்டும்.

கணினிக்கும் முதலில் காகித லாக்தான். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற கணினி மக்கர் செய்தது. திறந்து பார்த்தால் ஒரு ரிலேயில் விட்டில்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்து லாக் புத்தகத்திலேயே ஒட்டி, மாலை 3.45 என்று நேரம் போட்டு, நிஜமாகவே ஒரு பூச்சி அகப்பட்டது என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார்கள். இயந்திரக் கோளாறைப் ‘பூச்சி’ என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே இருந்தது. அதனால்தான் அது அவர்களுக்கு வேடிக்கை. அந்தப் பக்கம் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பூச்சியோடு பத்திரமாக இருக்கிறது. நேரமும் இடமும் சேர்த்து எழுதியதால்தான் அந்த வரி வரலாறாயிற்று.

எல்லா வரியும் ஒன்றல்ல

கன்சோல் என்பது முதலில் பெரிய கணினியை இயக்குபவர் உட்காரும் மேசைக்குப் பெயர். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐபிஎம் 370 போன்ற கணினிகளின் காலத்தில், கன்சோலில் தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்று இருக்கும். கணினி தன் செய்திகளை அதில் அடித்துக்கொண்டே போகும். இதில் ஒரு சிக்கல் வந்தது. ‘வேலை முடிந்தது’ என்ற செய்தியும் ‘இனி என்னால் ஓட முடியாது’ என்ற செய்தியும் ஒரே எழுத்தில், ஒரே மையில் வரும். ஆயிரம் வரிகளுக்கு நடுவில் ஆபத்தான ஒரு வரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஒரு நல்ல விடை 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. எரிக் ஆல்மன் என்பவர் மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் ‘செண்ட்மெயில்’ என்ற புரோகிராமை எழுதியவர். அதோடு சேர்த்து ‘சிஸ்லாக்’ என்ற முறையையும் உருவாக்கினார். ஒவ்வொரு வரியோடும் அதன் தீவிரத்தைக் குறிக்கும் எண்ணும் போகும். 0 என்றால் இயந்திரமே பயன்படாத நிலை. 3 என்றால் பிழை. 4 எச்சரிக்கை. 6 சும்மா தகவல். 7 பழுது பார்ப்பவருக்கு மட்டும் வேண்டிய நுணுக்கம். மொத்தம் எட்டுப் படிகள். எந்தப் படிக்கு மேல் வந்தால் ஆளை எழுப்புவது, எந்தப் படிக்குக் கீழே என்றால் கோப்பில் போட்டு மூடுவது என்று படிப்பவர் முடிவு செய்துகொள்ளலாம். 2009இல் வெளியான இணையத் தர ஆவணத்திலும் அதே எட்டுப் படிகள்தான்.

திரைகள் வந்த பிறகு நிறமும் சேர்ந்தது. 1970களின் இறுதியில் திரையில் வண்ணம் மாற்றுவதற்கான குறியெண்களைத் தரப்படுத்தினார்கள். 31 என்றால் சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 34 நீலம். இன்றும் புரோகிராம் எழுதும் பிள்ளைகள் கறுப்புத் திரையில் நிறம் காட்ட அதே எண்களைத்தான் எழுதுகிறார்கள்.

இணையப் பக்கங்களுக்கான புரோகிராம்கள் இந்த வசதிக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995இல் பத்தே நாளில் உருவாக்கினார். ஆனால் அதில் எழுதியது ஓடுகிறதா என்று பார்க்க, ‘அலர்ட்’ என்ற பெட்டியை நடுத்திரையில் குதிக்க விடுவதுதான் பலரும் கையாண்ட வழி. ஒரு பெட்டி வந்தால் ‘சரி’ என்று அழுத்தும் வரை எல்லாம் நின்றுவிடும். நூறு முறை சுற்றும் கணக்கு என்றால் நூறு முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அடி தண்ணீர் ஏறும்போதும் ஊரைக் கூட்டித் தண்டோரா போடுவது போல.

2006 ஜனவரியில் ஜோ ஹெவிட் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக ‘ஃபயர்பக்’ என்ற துணைக்கருவியை வெளியிட்டார். ‘கன்சோல்.லாக்’ என்று எழுதினால் பக்கத்தைத் தொந்தரவு செய்யாமல் கீழே ஒரு வரி விழும். மற்ற உலாவிகளும் பின்னால் வந்தன. இன்று எல்லா உலாவிகளிலும் கன்சோல் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும் கணினியிலும்தான்.

என் பேரன் சொன்ன ‘நாமளே மாத்தி வச்சுக்கலாம்’ என்பது இங்கேதான் வருகிறது. வெறும் ‘லாக்’ என்பதற்குப் பதில் ‘வார்ன்’ என்று எழுதினால் வரி மஞ்சளில் வரும், ‘எரர்’ என்றால் சிவப்பில் வரும். சதவீதக் குறியையும் ஒரு ‘சி’ எழுத்தையும் முன்னால் போட்டால், அந்த வரிக்கு விரும்பிய நிறம், பின்னணி, எழுத்தளவு எல்லாம் கொடுக்கலாம். ‘டேபிள்’ என்றால் கட்டம் போட்ட அட்டவணை. ‘குரூப்’ என்றால் தொடர்புள்ள வரிகள் ஒரே தலைப்பின் கீழ் மடிந்துகொள்ளும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரத்தையும், எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதையும் தானாகச் சேர்க்க வைக்கலாம். மக்கள் பயன்படுத்தும் தளத்தில் எச்சரிக்கைக்குக் கீழ்ப்பட்டதெல்லாம் வர வேண்டாம் என்று வடிகட்டியும் வைக்கலாம்.

பெயர், நேரம், அளவு, படிநிலை, நிறம். நம் பொதுப்பணித் துறைக்கு இவையெல்லாம் புதிதல்ல.

வைகையில் மூன்று படி

வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டதும் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாம் கட்டம். 69 அடியில் மூன்றாவது, அதுவே கடைசி. அபாயச் சங்கு ஒலிக்கும். தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களுக்கும் செய்தி போகும்.

66 அடிக்குக் கீழே சங்கு கிடையாது. 50 அடியிலிருந்து 60க்கு ஏறினாலும் பெட்டியில் ஒரு எண் மாறும், அவ்வளவுதான். முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இரண்டரை அடி இடைவெளி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அரை அடிதான். ஆபத்து நெருங்க நெருங்கப் படிகளும் நெருங்குகின்றன. எட்டுப் படி வேண்டியதில்லை. மூன்று போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்க வேண்டும் என்று இந்த அணையை நடத்தியவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். படிகளை அடுக்கிவிட்டு, எந்தப் படியில் யார் என்ன செய்வது என்று சொல்லாமல் விடும் புரோகிராம்களும் உண்டாம்.

பெரியாற்றில் ஒரே எண், இரண்டு நிறம்

பெரியாறு அணையின் கதை இவ்வளவு எளிதல்ல. 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தம். பென்னி குயிக் கட்டிய அணையை 1895 அக்டோபரில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். முழு மட்டம் 152 அடி. அது அணைக்குள் தானாக வந்த எண். எதுவரை தேக்குவதற்கு அதைக் கட்டினார்களோ அந்த அளவு.

1979இல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்து பெருஞ்சேதம் ஏற்பட்டது. அதன் பிறகு பெரியாறு பற்றிய அச்சம் கேரளத்தில் வளர்ந்தது. பலப்படுத்தும் வேலை முடியும் வரை என்று மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளம் சட்டத்தைத் திருத்தி 136 அடியிலேயே நிறுத்தியது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லி 142 அடியை உறுதி செய்தது. அந்த நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு, நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

இதைப் பெட்டியின் கண்ணோட்டத்தில் பாருங்கள். அதே அணை, அதே அளவுகோல். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் மட்டும் 152, 136, 142 என்று மாறியிருக்கிறது. 135 அடி என்ற ஒரே மட்டம், 152 என்றால் ‘இன்னும் இடமிருக்கிறது’. 136 என்றால் ‘நிறைந்துவிட்டது’. 142 என்றால் ‘ஏழு அடி பாக்கி’. வெளியே இருக்கும் எண்ணைத் தண்ணீர் முடிவு செய்கிறது. உள்ளே இருக்கும் எண்ணை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். பல ஆண்டு வழக்கும் வாதமும் அந்த அடைப்புக்குறிக்குள்தான் நடந்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. 142 என்று பெட்டியில் வந்தால் கம்பம், சின்னமனூர்ப் பக்கம் பட்டாசு வெடிப்போம். 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும், கீழே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்துக் குடிநீருக்கும் அதுதான் உத்தரவாதம். அதே காலையில் அணைக்குக் கீழே வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தறையில் இருப்பவர்கள் அதே எண்ணைப் பார்த்து, முக்கியமான சாமான்களை மூட்டை கட்டுவதா என்று யோசிப்பார்கள். அவர்களுக்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வருகிறது. நமக்குப் பச்சையாகத் தெரியும் வரி மலைக்கு அந்தப் பக்கம் சிவப்பாகத் தெரிகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எண் ஒன்றுதான்; படிக்கும் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது.

இப்போது தேதியும் சேர்ந்துகொண்டது. மத்திய நீர்வள ஆணையம் ஏற்ற ‘ரூல் கர்வ்’ என்ற கணக்குப்படி, ஆண்டின் எந்த நாளில் எதுவரை தேக்கலாம் என்பது மாறும். 2021 அக்டோபர் 29 அன்று, மட்டம் 142க்குக் கீழே இருந்தபோதே கேரளப் பக்கத்து ஷட்டர்கள் திறக்கப்பட்டன. நம் ஊரில் கொதித்துப் போனார்கள். அந்தத் தேதிக்குரிய அளவு பெட்டியின் அடைப்புக்குறிக்குள் இல்லை. அங்கே எப்போதும் போல 142 என்றுதான் இருந்தது. வரி உண்மையைச் சொன்னது, ஆனால் படிப்பவருக்கு வேண்டிய முழு உண்மையைச் சொல்லவில்லை. அதே டிசம்பரில், இரவு நேரத்தில் போதிய முன்னறிவிப்பு இல்லாமல் ஷட்டர்களைத் திறந்ததாகக் கேரளம் குறை சொன்னது. அளந்து எழுதுவது ஒரு வேலை. அது உரியவர் தூங்குவதற்கு முன் போய்ச் சேர்வது இன்னொரு வேலை என்பதை அந்த ஆண்டு இரு பக்கத்துக்கும் காட்டியது.

நிறம் வேறு, பதிவு வேறு

கன்சோல் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: திரையில் பூசும் நிறத்தைப் பதிவோடு கலக்காதே என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். நிறம் பார்ப்பவர் வசதிக்கு. நேரம், இடம், படிநிலை, அளவு ஆகியவை வெறும் எழுத்தாகக் கோப்பில் போய்ச் சேர வேண்டும். நாளைக்கு வேறொருவர் அதை எடுத்துத் தனக்கு வேண்டிய நிறத்தைப் பூசிக்கொள்ளலாம். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்களும் உலகில் உண்டு. அவர்களுக்கு நிறம் மட்டும் போட்டால் ஒன்றுமே சொல்லாதது போல.

எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் பயனாளர்கள் அனைவரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. காரணம், கடவுச்சொற்கள் மறைக்கப்படுவதற்கு முன்பே உள் லாக் ஒன்றில் அப்படியே பதிவாகியிருந்தன. எல்லாவற்றையும் எழுதி வைத்தால் நல்லது என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு நேரடியாக உதவும் ஒரு கன்சோல் செய்தியும் உண்டு. ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்தபடி உலாவியின் கன்சோலைத் திறந்தால், பெரிய சிவப்பு எழுத்தில் ‘நில்’ என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வரும். யாராவது ஏதோ வசதி கிடைக்கும் என்று சொல்லி இங்கே எதையாவது ஒட்டச் சொன்னால் அது மோசடி, உங்கள் கணக்கைத் திருடிவிடுவார்கள் என்பது அதன் சாரம். நிறத்தையும் எழுத்தளவையும் மாற்றும் வசதியை இதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த முடியாது. போனில் யார் என்ன சொன்னாலும் அந்தப் பெட்டியில் எதையும் ஒட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பக்கத்து விவசாயிகளில் பலர் டைரியில் தினமும் அணை மட்டத்தைக் குறித்து வைத்தவர்கள். அப்படிப்பட்ட டைரி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இன்றும் எழுதுகிறவர்கள் தேதி, நேரம், மட்டம், வரத்து, திறப்பு இவற்றோடு அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணையும், அன்றைய ரூல் கர்வ் அளவு தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ‘அணை நிறைந்தது’ என்று மட்டும் எழுதினால் முப்பது வருடம் கழித்துப் படிக்கும் பேரப்பிள்ளைக்கு அது 136இல் நிறைந்ததா, 142இல் நிறைந்ததா என்று தெரியாது. சந்தோஷப்பட்டோமா, பயந்தோமா என்பதைத் தனியாக இன்னொரு வரியில் எழுதிக்கொள்ளலாம்.